சீட்டைக் கிழிக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்



என் கையால் நான் செய்த பிழையொன்றிலிருந்து தொடங்குகிறேன். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில், ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின், என் மகனும் மகளும் பாயை விரித்து அதன்மேல் வண்ணச் சீட்டுகளைப் பரப்பி உரத்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவர்களுடைய மாமா கொடுத்த பெட்டி அது. பெட்டியின் மீது பேயுருவம். பிள்ளைகளின் கையில் சீட்டு. எனக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. "வாப்பா, இது என்னன்னு ஒரு தடவ கேளுங்க" என்றான் மகன். நான் கேட்கவில்லை. கைக்கு அகப்பட்ட சீட்டுகளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அடுத்த ஜும்ஆவன்று பள்ளிவாசல் திண்ணையில் நண்பர்களிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன்.

மூன்று மாதங்கள் கழிந்தன. என் மனைவியின் கைபேசிக் கணக்கிலிருந்து ஒரு விளையாட்டுச் செயலிக்குச் சிறுகச் சிறுக 2,700 ரூபாய் போயிருப்பது தெரியவந்தது. எதற்காக? உள்ளே என்ன இருக்கிறதென்று திறக்கும்வரை தெரியாத பெட்டிகளைத் திறப்பதற்காக. பாயில் தங்கையோடு அமர்ந்து உரக்கப் பேசி ஆடிய பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு தனியே ஆடத் தொடங்கியிருந்தான். சூதில்லாத ஒன்றை வீட்டைவிட்டு விரட்டி, சூதின் வாடை வீசும் ஒன்றுக்கு நானே வழிவிட்டிருந்தேன்.

ஆகவே என் வழக்கை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஆராயாமல் 'ஹராம்' என்று சொல்வதும், ஆராயாமல் 'வெறும் விளையாட்டுதானே' என்று சொல்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். முதலாவது நம் தலைமுறையின் நோய். இரண்டாவது நம் பிள்ளைகளின் நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உட்கார்ந்து சீட்டுகளைப் படிப்பது.

சொல் செய்யும் குழப்பம்

'சீட்டு' என்பது நம்மை எளிதில் ஏமாற்றிவிடும் சொல். பேருந்தில் வாங்குவதும் சீட்டு. மருத்துவர் எழுதித் தருவதும் சீட்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு தடை செய்யப்பட்ட லாட்டரியும் சீட்டுதான். நண்பர்கள் கூடி மாதந்தோறும் கட்டும் ஏலச்சீட்டும் சீட்டுதான். காகிதத்தைக் கண்டு அஞ்சும் பெரியவர்களில் சிலர், தள்ளுபடிக்கு ஏலம் கூறி எடுக்கும் அந்தச் சீட்டில் ரிபாவின் சாயல் உண்டா என்று எந்த ஆலிமிடமும் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை என்பதால் துணிந்து சொல்கிறேன். கையிலிருந்த வண்ண அட்டை கண்ணில் பட்டது; மாதக் கணக்கு நோட்டு கண்ணில் படவில்லை.

காகிதத்தின் மீது சட்டம் இல்லை; செயலின் மீதே இருக்கிறது. ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அந்த ஒன்றை உள்ளபடி அறிந்துகொள்வதன் கிளையே என்பது உஸூல் கலை அறிஞர்கள் வழிவழியாகக் கற்பிக்கும் விதி. வேரில்லாமல் கிளை நிற்காது. நான் கிழித்த இரவில் என்னிடம் வேர் இருக்கவில்லை.

அளவுகோல் நம்மிடமே இருக்கிறது

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதாட்டத்தையும் ஒருசேர விலக்குகின்றன. விலக்குவதோடு காரணத்தையும் தெரிவிக்கின்றன. மனிதர்களிடையே பகையை மூட்டுவதும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதும் அக்காரணங்கள். எனவே முதல் கேள்வி: இதில் ஒருவர் இழந்து மற்றவர் பெறும் பணம் உண்டா? இரண்டாவது: இது பகையை வளர்க்கிறதா? மூன்றாவது: தொழுகையைத் தின்கிறதா?

நான்காவது கேள்வியை ஃபிக்ஹு நூல்கள் எழுப்புகின்றன. நர்த் எனும் பகடையாட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சதுரங்கத்தைப் பற்றி மத்ஹபுகள் வேறுபட்டன. ஹனஃபி மத்ஹபு கடுமையாக விலக்க, ஷாஃபிஈ மத்ஹபு பந்தயமும் தொழுகை தவறுதலும் இல்லாதபோது மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தியது. இந்த வேறுபாட்டை விளக்க இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் தெளிவான அளவுகோல் ஒன்றை வைத்தார்கள்: ஓர் ஆட்டம் கணக்கையும் சிந்தனையையும் சார்ந்து நிற்கிறதா, ஊகத்தையும் தற்செயலையும் சார்ந்து நிற்கிறதா? அவர்கள் முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் 'மன்கலா', நம் உம்மும்மாக்கள் திண்ணையில் ஆடிய பல்லாங்குழியின் இனம். சீட்டாட்டத்தைத் தடையின் பக்கம் வைத்த பிற்கால அறிஞர்கள் பலர் உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. அவர்களும் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆட்டம் எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏறத்தாழ இதே கேள்வியோடு போராடின. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று கூறி அவ்விரண்டின் மீதான தடையை மட்டும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறனா தற்செயலா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுத்தது. நமக்கு இதில் புதுமை ஏதுமில்லை. திறன் இருந்தாலும் பணம் வைத்தால் அது மைஸிர்தான். பணம் இல்லாவிட்டாலும் வெறும் தற்செயலின்மேல் நிற்கும் ஆட்டம் ஐயத்திற்குரியதுதான். இரண்டு அளவுகோல்களும் சேர்ந்தே வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

நான் கிழித்தது 'ஆர்காம் ஹாரர்: தி கார்டு கேம்'. நேட் ஃப்ரெஞ்ச், எம்.ஜே. நியூமன் ஆகிய இருவரும் வடிவமைத்து, ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆட்டம். 1920களின் கற்பனை நகரமொன்றில் மர்மங்களைத் துப்பறியும் கதை. ஆடுபவர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. எல்லோரும் ஒரே அணி. எதிரி ஆட்டமேதான். வென்றால் எல்லோரும் வெல்வார்கள். தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். பந்தயம் வைக்க இடமே இல்லை, பகைத்துக்கொள்ளவும் ஆளில்லை. என் பிள்ளைகள் அன்று உரத்து விவாதித்தது யாரை யார் காப்பாற்றுவது என்பதைப் பற்றி!

இன்னொரு செய்தி, வாங்கும் பெற்றோர் அறிய வேண்டியது. இந்த ஆட்டத்தின் பெட்டிகளில் எந்தச் சீட்டுகள் உள்ளன என்பது முன்கூட்டியே தெரியும். எல்லாப் பெட்டிகளும் ஒன்றே. மாறாக, போகிமான், மேஜிக் போன்ற ஆட்டங்களின் உறைகளில் என்ன இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும். அரிய சீட்டு கிடைக்கும் என்ற ஆசையில் பிள்ளை மேலும் மேலும் வாங்குவான். பள்ளிக்கூட வாசல் கடைகளில் தொங்கும் மின்னும் உறைகளை நாம் தடையின்றி வாங்கித் தருகிறோம், அவற்றில் பேய்ப் படம் இல்லை என்பதால். கைபேசியில் என் மகன் திறந்த பெட்டிகளும் அதே வகைதான். அறியாத பொருளுக்கு விலை கொடுக்கும் பழக்கம் அங்கேதான் ஊன்றப்படுகிறது.

இனி, கணக்கா தற்செயலா என்ற கேள்வி. ஆட்டத்தில் ஒரு பை உண்டு. எந்த முயற்சிக்கும் அதிலிருந்து ஒரு வில்லையை எடுக்க வேண்டும். பையைக் கண்டதும் எனக்கு அறியாமைக் காலத்து அம்புக்குறிகளின் நினைவு வந்தது. அந்த உறுத்தல் நியாயமானதே. எனவே நானே காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டேன். முதல் கதையில், நடுத்தரக் கடினத்தில், பையில் 16 வில்லைகள். பிணந்தின்னிப் பேய் எதுவும் அருகில் இல்லாத நிலையில், நம் திறன் தேவைக்குச் சரிசமமாக இருந்தால் 16இல் 6 வில்லைகளே வெற்றி தரும். திறன் ஒன்று கூடுதலாயின் 10, இரண்டு கூடுதலாயின் 13, மூன்றாயின் 14, நான்காயின் 15. பதினாறு ஒருபோதும் கிடைக்காது. எப்படியும் தோல்வி தரும் வில்லை ஒன்று பையில் இருந்தே தீரும்.

6இலிருந்து 13க்கு ஏற்றுவது அதிர்ஷ்டம் செய்வதில்லை. கையில் எந்தச் சீட்டுகளை வைத்திருக்கிறோம், எதை எப்போது செலவிடுகிறோம் என்ற சிந்தனை செய்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு அந்நியமானதில்லை. கட்டும் வேலை 15 பங்கு. மீதி ஒரு பங்கு நம் கையில் இல்லை.

ஒரு சீட்டின் மதிப்பை அளப்பது எப்படி

ஒவ்வொருவரும் 30 சீட்டுகள் கொண்ட கட்டைத் தாமே அமைக்க வேண்டும். கதாபாத்திரத்திற்கு உரியவையும் பலவீனச் சீட்டுகளும் அதற்கு மேல். சுற்றொன்றுக்கு மூன்று செயல்கள். ஒரு செயலைச் செலவிட்டால் ஒரு சீட்டையோ ஒரு காசையோ பெறலாம். சுற்றுதோறும் அழிவின் கடிகாரம் ஒரு படி நகரும். எனவே செயலே இங்கு உண்மையான நாணயம். எந்தச் சீட்டையும் அதைக் கொண்டே எடைபோட வேண்டும்.

'எமர்ஜென்சி கேஷ்' என்றொரு எளிய சீட்டு. இறக்க விலை இல்லை. இறக்கினால் மூன்று காசு. பிள்ளைகள் அதை இலவசம் என்பார்கள். அது இலவசமில்லை என்று மகள்தான் எனக்கு விளக்கினாள். சீட்டு ஒரு செயலின் விலை. அதை இறக்குவது இன்னொரு செயல். ஆக இரண்டுக்கு மூன்று. லாபம் ஒன்று மட்டுமே. பதினான்கு வயதுப் பெண் 'இலவசம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றுவிட்டாள். ஜி.எஸ்.டி. சாலை முழுதும் பண்டிகைக் காலத்தில் அந்தச் சொல்லால் விளக்கேற்றி வைத்திருக்கிறார்களே, அங்கே அவள் தந்தை இன்னும் ஏமாறிக்கொண்டிருக்கிறார்.

'லியோ டி லூகா' என்றொரு கூட்டாளிச் சீட்டு. விலை ஆறு காசு. பயன், சுற்றுதோறும் ஒரு கூடுதல் செயல். சீட்டையும் இறக்கும் செயலையும் சேர்த்தால் எட்டுச் செயல்களின் பெறுமதி. பதினைந்து சுற்று நீளும் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே இறங்கினால் இருமடங்கு திரும்ப வரும். பத்தாம் சுற்றில் கைக்கு வந்தால் நட்டம். அதே சீட்டு, அதே எழுத்து. காலம் மாறியதும் மதிப்பு தலைகீழானது. என் மகன் எப்போதும் 'பெரிய' சீட்டுகளை விரும்பிச் சேர்த்துத் தோற்பவன். தனித்தனியே மின்னும் முப்பது சீட்டுகள் ஒரு கட்டாகாது என்று தங்கையிடம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டான். இல்லை, தங்கையோடு சேர்ந்து தோற்று. ஒருவர் துப்பறியும் கட்டு, மற்றவர் காக்கும் கட்டு என்று பிரித்துக்கொண்ட பிறகே அவர்கள் வென்றார்கள்.

இந்தக் கூட்டுழைப்பு நம் ஊருக்கு அந்நியமானதா? இதே குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. கல்லூரியில் படித்த அப்துல் கலாம், சகோதரி நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் சேர்ந்தவர். சக மாணவர்களோடு பங்கிட்டுக்கொண்ட விமான வடிவமைப்புப் பணியை மூன்று நாள் கெடுவுக்குள் முடித்ததைத் தம் வாழ்க்கை நூலில் நினைவுகூர்கிறார். வேலையைப் பங்கிடுவது, நேரத்தை எடைபோடுவது, கெடுவுக்குள் முடிப்பது ஆகியவற்றைப் பயிற்றும் எதையும் நாம் அவ்வளவு எளிதாகக் கிழித்தெறியக் கூடாது.

உண்மையான குற்றம் எங்கே

இத்தனை சொன்னதால் இளைஞர்கள் கைதட்ட வேண்டாம். இனி உங்கள் முறை. 'வெறும் விளையாட்டுதானே' என்று கூறுவோரிடம் கேட்கிறேன்: நீங்கள் பிடித்திருக்கும் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா?

இந்த ஆட்டத்தில் ஐந்து வகுப்புகள். அவற்றில் 'மிஸ்டிக்' வகுப்பு மந்திரத்தையே ஆயுதமாகக் கொண்டது. ஸிஹ்ர் பெரும்பாவங்களில் ஒன்று என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அட்டையில் உள்ளதைக் கதையென்று பிள்ளை அறிந்திருந்தாலும், 'நான் மந்திரம் போடுகிறேன்' என்று அவன் நாவு பழகுவதை நான் விரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்த வகுப்பின் சீட்டுகள் தனியே கட்டி வைக்கப்பட்டுள்ளன. மற்ற நான்கு வகுப்புகளைக் கொண்டே ஆட்டம் நிறைவாக நடக்கிறது. கட்டின் எல்லையைக் குறுக்கினால் சிந்தனை கூர்மையாகும் என்பது எந்தத் தேர்ந்த ஆட்டக்காரருக்கும் தெரியும்.

அதைவிட ஆழமான நஞ்சு ஒன்று உண்டு. நான் படத்தைக் கண்டு கிழித்தபோது அதைக் காணவில்லை. இந்தக் கதையுலகம் ஹெச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937) என்ற அமெரிக்க எழுத்தாளருடையது. அவர் கற்பனை செய்த பயங்கர நூல் 'நெக்ரோனோமிகான்'. ஆட்டத்தில் டெய்சி வாக்கர் என்ற நூலகர் பாத்திரத்திற்கு அது கட்டாயப் பலவீனச் சீட்டாக வருகிறது: கையில் ஒட்டிக்கொள்ளும், மூன்று அளவு பயத்தை ஒவ்வொன்றாக நம் மனத்தில் ஏற்றிக்கொண்ட பிறகே விட்டுப்போகும், அதுவரை பையின் மிகச் சிறந்த வில்லையும் தோல்வியாகிவிடும். அந்த நூலை எழுதியவராக லவ்கிராஃப்ட் யாரைக் காட்டினார் தெரியுமா? 'பைத்தியக்கார அரபி' என்று. ஸன்ஆ நகரத்தவர், உமய்யா கலீஃபாக்கள் காலத்தவர், 738இல் டமாஸ்கஸில் மாண்டவர் என்று போலி வரலாறும் எழுதினார். பெயர், அப்துல் அல்ஹஸ்ரத்.

அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் வீடுகளில் அப்துல் காதிரும் அப்துல் ரஹ்மானும் அப்துல் அஸீஸும் இருக்கிறார்கள். 'அப்து' என்றால் அடியான். அதைத் தொடர்வது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. இவனோ யாருக்கு அடியான்? 'அல்' என்பதே இருமுறை வருகிறது. இலக்கணமும் இல்லை, பொருளும் இல்லை. ஆயிரத்தொரு இரவுகளைப் படித்து மயங்கிய சிறுவயதில் லவ்கிராஃப்ட் தனக்கே சூட்டிக்கொண்ட வேடப்பெயர் அது. அவர் காட்டும் அதே காலத்தில் உண்மையில் வாழ்ந்தவர்கள் யார்? உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). ஹஸன் பஸரீ (ரஹ்). டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசல் எழுந்ததும் அந்தத் தலைமுறையில்தான். கிழக்கிலிருந்து வரும் நூலைத் திறந்தால் புத்தி கெடும் என்பது அவருடைய அச்சம். 'ஓதுவீராக' என்ற கட்டளையோடு வஹீ தொடங்கிய சமுதாயம் நாம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைக்கு யார் சொல்வது?

லவ்கிராஃப்டின் இனவெறுப்பு ஒளிவுமறைவானதன்று. அவர் தலையுருவில் செய்யப்பட்ட உலக மிகுபுனைவு விருதின் சிலையைக் கைவிட 2015இல் முடிவெடுத்தார்கள், எழுத்தாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால். அந்நியர்களே தட்டிக் கேட்ட இழிவை, யாரைக் குறித்து எழுதினாரோ அவர்களுடைய பிள்ளைகள் தெரியாமலே கையில் பிடித்திருப்பது நியாயமா? ஆட்டத்தில் முதலில் எதிர்ப்படும் பிணந்தின்னிப் பேயின் ஆங்கிலப் பெயர்கூட அரபியின் 'கூல்' என்ற சொல்லிலிருந்து போனதே. பாலைவனத்துக் கூல் பற்றிய மூடநம்பிக்கையை மறுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அகீதாவில் ஒரு பாடமே நடத்தலாம். நான் நடத்தினேன். கிழித்திருந்தால் அதுவும் இல்லை. பேசாமல் விட்டிருந்தாலும் இல்லை.

என்ன செய்யலாம்

இறுதியில் நான் எங்கள் ஹழ்ரத்திடம் சென்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது: "கிழிக்கிறதுக்கு முன்னாடி வந்திருக்கலாமே." பிறகு, ஐயமுள்ளதை விட்டுவிடுவது பேணுதல் என்றார், விட முடியாத வீட்டில் பணமும் தொழுகையும் அகீதாவும் எல்லை என்றார். இதை நான் ஃபத்வாவாக உங்களுக்குத் தரவில்லை. உங்கள் மத்ஹபு வேறாக இருக்கலாம். உங்கள் வீட்டு நிலையும் வேறாக இருக்கலாம். உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் 'சீட்டாடலாமா?' என்று கேட்காதீர்கள். ஆட்டத்தை உள்ளபடி விவரித்துக் கேளுங்கள். அரைகுறைக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது.

எங்கள் வீட்டில் இப்போது உள்ள ஒழுங்கு இது: வாரத்தில் ஓர் இரவு, இஷாவுக்குப் பின், பெரியவர் ஒருவர் உடனிருக்க. மறுநாள் ஃபஜ்ர் தவறினால் அடுத்த வாரம் பெட்டி திறக்காது; இரண்டுமுறை திறக்காமலும் இருந்தது. கைபேசி விளையாட்டுக்குப் பணம் இல்லை. கிழிந்த சீட்டுகளை மகள் அன்றிரவே குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருந்தாள். பின்புறம் தெரியாத உறைகளில் எல்லாச் சீட்டுகளையும் போட்டிருக்கிறாள், கட்டிலிருந்து எடுக்கும்போது ஒட்டுப்போட்டது எதுவென்று கண்டுகொள்ளக் கூடாதல்லவா! பதினோரு சீட்டுகள். ஒவ்வொரு முறை அவற்றில் ஒன்று என் கைக்கு வரும்போதும் பிள்ளைகள் இருவரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

தந்தையரே, பிள்ளை 'ஒரு தடவ கேளுங்க' என்று சொல்லும் வயது நீண்டநாள் நீடிப்பதில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை கேட்டுவிடுங்கள். பிள்ளைகளே, உங்கள் கையிலுள்ள சீட்டின் வலிமையை எண்ணத் தெரிந்த உங்களுக்கு, அதில் அச்சிட்டிருக்கும் சொல்லின் வரலாற்றையும் படிக்க முடியும். படியுங்கள்.

நம் இல்லங்களில் ஹலாலான மகிழ்ச்சியையும், தீர்ப்புக்கு முன் அறிவையும் அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன். அவனே நன்கறிந்தவன்.

வஸ்ஸலாம்.